மறு: டிதரிங் – ‘தூவல்’ என்று சொல்லலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

டிதரிங் (dithering) என்பது, நிறங்களையோ அளவுப் படிகளையோ குறைக்கும்போது விடுபடுவதைப் புள்ளிகளாலோ மெல்லிய இரைச்சலாலோ ஈடுகட்டும் நுட்பம். அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று பேசும் இந்த இழையில், நான் கேட்ட ‘தூவல்’ போக, இதுவரை வந்தவை நடுக்கல், புள்ளியிடல், இரைச்சலூட்டல் என்ற மூன்று சொற்கள். மூன்றிலும் எனக்கு மனம் ஒட்டவில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன்னால், போன வாரம் நான் பார்த்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

பழைய கைப்பேசியில் எடுத்த அப்பத்தாவின் படம் ஒன்று கிடைத்தது. உலாவியிலேயே ஓடும் ஒரு கருவியில் அதை ஏற்றி, கறுப்பு, வெள்ளை இரண்டு நிறம் மட்டும் போதும் என்று வைத்தேன். பாதி முகத்தில் மை கொட்டியது போல ஆகிவிட்டது. கன்னத்துச் சுருக்கமும் இல்லை, காதுத் தண்டட்டியும் இல்லை. அப்புறம் டிதரிங்கைப் போட்டேன். அதே இரண்டு நிறம்தான், அப்பத்தா திரும்பி வந்துவிட்டாள். பெரிதாக்கிப் பார்த்தால் சாம்பல் நிறம் ஓர் இடத்தில்கூடக் கிடையாது. வெயில் பட்ட கன்னத்தில் கரும்புள்ளிகள் இடைவெளி விட்டும் தாடைக்குக் கீழே அடர்த்தியாகவும் இருந்தன, அவ்வளவுதான்.

அந்தப் புள்ளிகளைப் பார்த்ததும் எனக்கு நாற்றங்கால்தான் ஞாபகம் வந்தது. ‘கலக்க விதைத்தால் களஞ்சியம் நிறையும், அடர விதைத்தால் போர் உயரும்’ என்று நம்மிடம் பழமொழியே இருக்கிறது. கலக்க (இடைவெளி விட்டு), அடர (நெருக்கமாக) என்ற இரண்டு சொல்லை வைத்தே இந்த நுட்பம் முழுவதையும் விளக்கிவிடலாம். அதனால் என் பரிந்துரை: தூவல்.

> ஒருவர் எழுதியது: ஆங்கிலச் சொல்லின் மூலப்பொருள் நடுங்குதல். எனவே நடுக்கல் பொருந்தும்.

மூலப்பொருள் அதுதான், மறுக்கவில்லை. ஆனால் படம் எடுக்கிறவர்களிடம் ‘நடுக்கம்’ என்று சொன்னால் கை ஆடிப் படம் கலங்கியதைத்தான் நினைப்பார்கள். வேறொரு குறைக்கு வழங்கும் சொல்லை இதற்கு வைத்தால் குழப்பம் மிஞ்சும்.

புள்ளியிடல் பார்வைக்குச் சரி. ஆனால் ஒலிப்பதிவிலும் டிதரிங் உண்டு. ஒலியின் நுணுக்கத்தை 24 பிட்டிலிருந்து 16 பிட்டுக்கு இறக்கும்போது அதைச் செய்கிறார்கள். அங்கே புள்ளிக்கு எங்கே போவது? தூவல் என்றால் ஒலிக்கும் ஒத்துவரும், மெல்லிய இரைச்சலைத்தானே மேலே தூவுகிறோம். 1962-இல் லாரன்ஸ் ராபர்ட்ஸ் படங்களுக்குச் செய்ததும் இதுவே. சாம்பல் படிகளைக் குறைப்பதற்கு முன் இரைச்சலைச் சேர்த்தார், படத்தில் பட்டை பட்டையாகத் தெரிவது மறைந்தது. (பின்னாளில் இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையமைப்புக்குத் தலைமை தாங்கியவரும் இவர்தான்.)

> இன்னொருவர் கேட்டது: தூவுவது என்றால் கண்டபடி இறைப்பது. ஃபிளாய்டு–ஸ்டைன்பெர்க் முறையில் தற்செயல் எதுவும் இல்லையே?

நல்ல கேள்வி, இதில் கொஞ்சம் நிற்கிறேன். ஃபிளாய்டு, ஸ்டைன்பெர்க் என்ற இருவர் பெயரில் 1976-இல் வந்த அந்த டிதரிங் முறை படத்தை இடமிருந்து வலமாக, வரி வரியாகப் பார்த்துக்கொண்டு போகும். 0 கறுப்பு, 255 வெள்ளை. ஒரு படப்புள்ளியின் (பிக்சல்) மதிப்பு 100 என்றால், பாதிக்குக் கீழே இருப்பதால் அது கறுப்பாகிவிடும், 100 மிச்சம் நிற்கும். அந்த மிச்சத்தை வீணாக்காமல் 16 பங்காக்கி, வலப்பக்கத்துக்கு 7, கீழ் இடதுக்கு 3, நேர் கீழே 5, கீழ் வலதுக்கு 1 என்று கொடுத்துவிடுகிறது. வலப்பக்கத்துப் புள்ளியும் 100 என்றால், வந்த பங்கைச் சேர்த்து ஏறக்குறைய 144 ஆகி வெள்ளையாகிவிடும். ஆக, கறுப்புக்குப் பக்கத்தில் வெள்ளை தானாக வந்து உட்காருகிறது. விதைக்கத் தெரிந்தவர் தூவுவதும் கண்டபடி அல்ல. ஒரு பிடி ஓரிடத்தில் கூடுதலாக விழுந்தால் அடுத்த வீச்சில் கையைக் குறைத்துக்கொள்வார். இந்த முறைக்கு மட்டும் தனிப்பெயர் வேண்டுமென்றால், அந்த மிச்சத்தை ஆங்கிலத்தில் பிழை (error) என்பதால், ‘பிழைப் பகிர்வு’ எனலாம். ‘பரவல்’ வேண்டாம், நோய்ப் பரவல் போலத் தொனிக்கிறது. பகிர்வு என்றால் பங்கு போடுவதும் அதிலேயே வந்துவிடுகிறது.

ஆப்பிளின் 1984 மேக்கின்டாஷ் கணினியின் 512×342 படப்புள்ளிக் கறுப்பு வெள்ளைத் திரைக்காக, அங்கே நிரலாளராக இருந்த பில் அட்கின்சன் இந்த முறையில் செய்த மாற்றத்தில், மிச்சத்தின் 8 பங்கில் 6 மட்டும்தான் பகிரப்படும். 2 பங்கு விடுபடுவதால் வெளிச்சம் பளிச்சென்றும் நிழல் கருகருவென்றும் நிற்கும். அப்பத்தா படத்துக்கு எனக்குப் பிடித்தது இதுதான்.

தூவல் என்றால் பேனா என்று ஒருவர் எழுதியிருந்தார். தனித்தமிழ் எழுத்தில் அந்த வழக்கு உண்டு. ஆனால் படத் திருத்தியின் பட்டியலில் பார்க்கிறவருக்கு அந்தக் குழப்பம் வராது என்று நம்புகிறேன். வினையாகவும் இது நன்றாக வளைகிறது: தூவு, தூவிய படம், தூவாத படம், தூவல் அளவு. இரைச்சலூட்டலை இப்படி வளைத்துப் பாருங்கள், நாக்கு தடுக்கும்.

பழைய சமாச்சாரத்துக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்டவருக்கு: இது இப்போதும் வேலை செய்கிற நுட்பம். பார்சிலோனாவில் சூரிய மின்சாரத்தில் ஓடும் லோ-டெக் மேகசின் தளம், 2018 முதல் படங்களைத் தூவித்தான் கோப்பின் எடையைக் குறைக்கிறது.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. கோடாக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1973-இல் கொண்டுவந்த டிதரிங் முறைக்கு என்ன பெயர் வைப்பது என்பதுதான் அது. நம் கேமரா சென்சார்களின் மேல் இருக்கும் வண்ண வடிகட்டியும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அந்த டிதரிங் முறையில் பகிர்வு இல்லை. எண்கள் நிரப்பிய ஒரு சிறு கட்டத்தைப் படம் முழுக்கத் திரும்பத் திரும்ப வைத்து, ஒவ்வொரு படப்புள்ளியையும் அதற்கு நேரான எண்ணோடு ஒப்பிடுவார்கள், புள்ளிகள் நெசவு போல விழும். கட்டத் தூவல் என்பதா, வரிசைத் தூவல் என்பதா? எனக்குக் கட்டத் தூவல் பக்கம் சாய்வு. நெசவு தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் இன்னும் நல்ல சொல் கொடுங்கள்.