மொய்க் கணக்கு எந்தப் பெட்டியில்?

குழு: அப்பாரு வீட்டுச் சொந்தம்
சனிக்கிழமை, மாலை 5:40

சென்னிமலை மாமா: நாளைக்குத் தாராபுரத்தார் வீட்டுக் கல்யாணம். நம்ம சுதா கல்யாணத்துக்கு அவர்கள் எவ்வளவு மொய் வைத்தார்கள்? யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

சுதா: 2013 மாமா அது. நான் மணவறையில் இருந்தேன்.

பெரியப்பா: மில் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்தோமே.

மில் சித்தப்பா: பின் ரூம் பெட்டியில் இருக்கிறது.

வெள்ளகோவில் அத்தை: சஷ்டி விரதம் இருப்பவர்கள் யார் யார்? திங்கட்கிழமை சூரசம்ஹாரத்துக்கு ஒரே வண்டியில் போய்விடலாம்.

பிரபு: பின் ரூம் பெட்டி இன்னும் உயிரோடு இருக்கிறதா மாமா!

மில் சித்தப்பா: ஏன் இல்லாமல். எடை மேடையே அதில்தான் ஓடுகிறது.

கவின்: சித்தப்பா, அது விண்டோஸ் 7 தானே? அதற்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவே முடிந்துவிட்டதே, இன்னுமா மாற்றவில்லை?

மில் சித்தப்பா: ஓடுகிறதை எதுக்குக் கண்ணு மாற்ற வேண்டும்.

சித்தி: இவன் ஆரம்பித்துவிட்டான்.

கவின்: ஆதரவு முடிந்தது என்றால் பெட்டி நின்றுவிடும் என்று அர்த்தம் இல்லைங்க சித்தப்பா. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு முடிந்தது. காசு கட்டிய கம்பெனிகளுக்கு மட்டும் 2023 ஜனவரி வரை இழுத்தார்கள். அதற்கப்புறமும் ஓடும், நாளைக்கும் ஓடும். ஓட்டை அடைக்க ஆள் வராது, அவ்வளவுதான். நம்ம கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்துக் கிளுவை வேலியை நினைத்துக்கொள்ளுங்கள். மாதத்தில் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் ஆள் வேலியைச் சுற்றி வந்து, சந்து விட்ட இடத்தில் முள் வைத்து அடைப்பான். இப்போது உங்கள் காட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டான், பக்கத்துக் காட்டுக்கு, அதாவது புது விண்டோஸுக்கு, மட்டும் வருகிறான். ஆனால் ரெண்டு காட்டு வேலியும் ஒரே ஆள் நட்டது. பக்கத்துக் காட்டில் எங்கே புது முள் வைத்திருக்கிறது என்று பார்த்தாலே போதும், அதே இடத்தில் உங்கள் வேலியிலும் சந்து இருக்கும் என்று திருடனுக்குத் தெரிந்துவிடும். அதனால் ஒவ்வொரு மாதமும் உங்கள் பெட்டிக்கு ஆபத்து கூடிக்கொண்டே போகிறது. பெட்டி மாறவில்லை, வெளியே இருப்பவனுக்கு வழி தெரிந்துகொண்டே இருக்கிறது.

பெரியப்பா: கிளுவை இப்போது எங்கே இருக்கிறது. எல்லாம் கம்பி வேலி.

பிரபு: படித்து முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது.

மில் சித்தப்பா: ஆன்டிவைரஸ் போட்டிருக்கிறேன்.

கவின்: நாய் இருக்கிறது என்று வேலியைப் பிடுங்குவீர்களா?

மில் சித்தப்பா: நம்ம நாய் யாரையும் கடிக்காது, அது வேறு விஷயம்.

சென்னிமலை மாமா: மொய் எவ்வளவு?

மில் சித்தப்பா: இருங்க மாப்பிள்ளை. நெல் லோடு ஒன்று எடை போட்டுக்கொண்டிருக்கிறது. அது முடியாமல் அந்தப் பெட்டியைத் தொட முடியாது.

மாலை 6:25

சுதா: கவின் சொல்வதைக் கேளுங்க சித்தப்பா. நான் கல்யாணத்துக்கு முன்னால் வேலை பார்த்த பனியன் கம்பெனியை விட்டு வந்தபின், 2017 மே மாதம், அங்கே ஒரு நாள் காலையில் எல்லாத் திரையும் சிவப்பாக நின்றதாம். பூட்டிவிட்டோம், 300 டாலர் கொடு என்று. கணக்குப் பிள்ளை அக்கா அழுதே விட்டார். முதலாளி டாலருக்குக்கூடப் பயப்படவில்லை, பிட்காயினில் கொடு என்றதும் அது எந்தக் கடையில் விற்கும் என்று கேட்டாராம்.

கவின்: அந்த மிரட்டல் வைரஸின் பேர் வான்னாக்ரை. அதற்கான முள்ளை மைக்ரோசாஃப்ட் ரெண்டு மாதம் முந்தியே, மார்ச்சில், கொடுத்துவிட்டது. வாங்கி வைக்காதவர்கள்தான் மாட்டினார்கள். பழைய விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014லேயே ஆதரவு முடிந்திருந்தும், அந்தத் தடவை இரக்கப்பட்டு அதற்கும் கொடுத்தார்கள்.

பிரபு: அப்படியென்றால் ஆதரவு இருந்தவர்களும்தானே மாட்டினார்கள்?

கவின்: ஆமாம். அன்றைக்கு அதிகம் மாட்டியது விண்டோஸ் 7 தான், அப்போது அதற்கு ஆதரவு இருந்தது.

பிரபு: மாமா ஜெயித்துவிட்டார்.

கவின்: இல்லை. கொடுத்த மருந்தைக் குடிக்காதவனுக்கே அந்தக் கதி. இங்கே மருந்தே கிடையாது.

சென்னிமலை மாமா: என் தறிப் பட்டறையில் ஜக்கார்டு டிசைன் அடிக்கிற பெட்டி எக்ஸ்பிதான். அதற்கு நெட்டே கிடையாது. வைரஸ் எப்படி வரும், நடந்தா வரும்?

பிரபு: அப்பா, நீங்கள் பெட்ஷீட் டிசைனைப் பென் டிரைவில்தானே ஈரோட்டுக்கும் வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு அலைகிறீர்கள்.

சென்னிமலை மாமா: நீ சும்மா இரு.

வெள்ளகோவில் அத்தை: வண்டிக்கு இதுவரை நான் ஒருத்திதான். விரதம் யாரும் இல்லையா இந்தக் குடும்பத்தில்?

சித்தி: நான் வருகிறேன் அண்ணி. ஆறு நாளும் இல்லை, கடைசி நாள் மட்டும்.

வெள்ளகோவில் அத்தை: அது விரதமா?

மில் சித்தப்பா: கவின் கண்ணு, நீ படித்தவன், நான் சொல்வதையும் கேள். எடை மேடையிலிருந்து வருகிற வயர் ஒன்பது ஊசி வைத்தது. இப்போது வருகிற பெட்டியில் அந்த ஓட்டையே கிடையாது. எடைச் சீட்டு அடிக்கிற பிரிண்டர் பழைய ஊசிப் பிரிண்டர், நாலு விரல் அகலத்துக்கு ஒரு வயர். அந்தச் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்த பையன் கடையை மூடி அஞ்சு வருஷம் ஆச்சு, போன் போகவில்லை. பெட்டியை மாற்று என்று நீ ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறாய். பெட்டியை மாற்றினால் பிரிண்டரை மாற்ற வேண்டும், சாஃப்ட்வேரை மாற்ற வேண்டும், மேடையில் நம்பர் காட்டுகிற டப்பாவை மாற்ற வேண்டும், அப்புறம் முத்திரை போட ஆபீசருக்கு எழுதிப் போட வேண்டும். அறுவடை நேரத்தில் ரெண்டு நாள் மேடை நின்றால் வண்டி பக்கத்து மில்லுக்குப் போய்விடும். போன வண்டி திரும்பி வராது.

கவின்: ஒன்பது ஊசியை யுஎஸ்பியாக மாற்றுகிற வயர் கிடைக்கிறதுங்க. சில நூறு ரூபாய்தான்.

மில் சித்தப்பா: சாஃப்ட்வேர்?

கவின்: அதைப் பார்க்க வேண்டும்.

மில் சித்தப்பா: பார்.

பிரபு: சிவன்மலை முருகன் கோயில் உத்தரவுப் பெட்டியில் விண்டோஸ் சிடி வைக்கச் சொல்லி யாருக்காவது கனவு வந்தால்தான் மாமா மாற்றுவார்.

வெள்ளகோவில் அத்தை: சாமி விஷயத்தில் விளையாடாதே. சஷ்டி நேரம்.

பெரியப்பா: அந்தக் கம்ப்யூட்டர் 2011இல் நாம் கூட்டாக இருந்தபோது வாங்கினது. எல்லாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மில் சித்தப்பா: அண்ணா, டிராக்டரும் கூட்டாக வாங்கினதுதான்.

பெரியப்பா: டிராக்டருக்கு நான் ரெண்டு தடவை இன்ஜின் இறக்கிவிட்டேன் தம்பி. நீ அந்தப் பெட்டிக்குத் தூசி துடைத்தாயா?

சித்தி: துடைப்பது நான்.

இரவு 7:50

மில் சித்தப்பா: லோடு முடிந்தது. மொய்க் கணக்கைப் பென் டிரைவில் எடுத்து, முன் ரூம் பெட்டியில் போட்டு அனுப்புகிறேன்.

கவின்: எந்தப் பென் டிரைவ்?

மில் சித்தப்பா: சாவிக் கொத்தில் இருப்பது.

கவின்: அதைத்தானே ஜெராக்ஸ் கடையிலும் செருகுவீர்கள்! அதையே ரெண்டு பெட்டியிலும் செருகினால் பின் ரூமில் இருப்பது முன் ரூமுக்கு வந்துவிடும். முன் ரூமில்தான் பேங்க், ஜிஎஸ்டி, ஈ-வே பில் எல்லாம்.

மில் சித்தப்பா: செருகிவிட்டேன்.

மில் சித்தப்பா: (கோப்பு) மொய் சுதா

சென்னிமலை மாமா: என்ன இது, ஒன்றும் புரியவில்லை. எல்லாம் இங்கிலீஷ் எழுத்து.

பிரபு: முதல் வரி எம், கே, செமிகோலன், கே, எச் என்று ஆரம்பிக்கிறது. வைரஸ் வந்துவிட்டது மாமா.

கவின்: வைரஸ் இல்லை. பாமினி எழுத்துரு. அந்தக் காலத்தில் இங்கிலீஷ் எழுத்து இருக்கிற இடத்தில் தமிழ் உருவத்தை ஒட்டி வைத்திருப்பார்கள். எம் அடித்தால் அ, கே அடித்தால் ம, செமிகோலன்தான் புள்ளி, எச் தான் கால். அந்த எழுத்துரு இருக்கிற பெட்டியில் தமிழ். இல்லாத பெட்டியில் இந்தக் குப்பை. பிரபு படித்தது 'அம்மா'.

சுதா: முதல் வரி 'அம்மான் சீர்' என்று இருக்கும்.

பிரபு: பேஷ். பழைய பெட்டிக்கு மட்டும்தான் நம்ம வீட்டுத் தமிழ் தெரியும்.

கவின்: கன்வெர்ட்டரில் போட்டால் எல்லாப் பெட்டியிலும் தெரிகிற யூனிகோடு ஆகிவிடும். நான் மாற்றித் தருகிறேன். ஆனால் சித்தப்பா, இதற்கு வேறு நகல் இருக்கிறதா? மொய் நோட்டு?

சித்தி: கம்ப்யூட்டரில் ஏறிவிட்டதே என்று நோட்டை அப்போதே பழைய பேப்பர்காரருக்குப் போட்டாயிற்று.

பெரியப்பா: போட்டாயிற்றா!

சித்தி: உங்கள் தம்பிதான் போடச் சொன்னார்.

கவின்: பதினாலு வருஷத்து ஹார்ட் டிஸ்க்கில் ஒரே ஒரு நகல்.

மில் சித்தப்பா: அதெல்லாம் இருக்கட்டும். மாப்பிள்ளை அவசரத்துக்குத் திரையையே போட்டோ எடுத்துப் போடுகிறேன்.

மில் சித்தப்பா: (படம்)
மில் சித்தப்பா: (படம்)

சென்னிமலை மாமா: தாராபுரத்தார் 1,001. சரி. நாளைக்கு நாம் எவ்வளவு வைக்கலாம்? 2,001?

பெரியப்பா: 2013இல் வைத்த ஆயிரத்துக்கு இப்போது ரெண்டாயிரமா? தங்கம் விற்கிற விலைக்கு?

சென்னிமலை மாமா: அப்படியென்றால் 5,001?

பெரியப்பா: அவ்வளவு எதற்கு.

வெள்ளகோவில் அத்தை: ரெண்டாவது போட்டோவில் எனக்கு நேராக 501 என்று இருக்கிறது.

பிரபு: ஐயோ.

வெள்ளகோவில் அத்தை: நான் வைத்தது 1,001. ஒரு குத்துவிளக்கும் வைத்தேன். கூடப் பிறந்தவன் மகளுக்கு 501 வைப்பேனா?

சித்தி: குத்துவிளக்கு சென்னிமலைக்காரர்கள் வைத்தது அண்ணி. எங்கள் பூஜை ரூமில்தான் இருக்கிறது, பேர் போட்டிருக்கிறது.

சுதா: என் கல்யாணக் குத்துவிளக்கு உங்கள் பூஜை ரூமில் எதற்கு சித்தி?

சித்தி: பாகம் பிரித்தபோது வந்தது கண்ணு.

வெள்ளகோவில் அத்தை: அன்றைக்கு மொய் எழுதினது யார்?

சென்னிமலை மாமா: நோட்டில் எழுதினது நான். கம்ப்யூட்டரில் ஏற்றினது டைப்பிங் சென்டர் பெண். நோட்டைப் பேப்பர்காரருக்குப் போட்டது மச்சான்.

பிரபு: அப்பா தப்பித்துவிட்டார்.

இரவு 9:05

கவின்: சித்தப்பா, முன் ரூம் பெட்டி விண்டோஸ் 10 தானே?

மில் சித்தப்பா: ஆமாம். அதுவும் ஏதோ நீல எழுத்தில் மிரட்டுகிறது. 'அப்புறம் ஞாபகப்படுத்து' என்று அமுக்கிவிடுவேன்.

கவின்: அதற்கும் தீபாவளிக்கு முந்தின வாரம், 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. உங்கள் பெட்டியின் புராசசர் ஆறாவது தலைமுறை. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் எட்டாவது தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். அதனால் ஏறாது. ஆனால் இதற்கு ஒரு வழி இருக்கிறது. வீட்டுப் பெட்டி என்றால் 2026 அக்டோபர் 13 வரை ஓட்டை அடைக்கிற வேலையை மட்டும் நீட்டித்துக்கொள்ளலாம். 30 டாலர், இல்லையென்றால் செட்டிங்ஸை அவர்கள் கிளவுடில் பேக்கப் எடுக்க ஒப்புக்கொண்டால் சும்மா. தொழில் பெட்டி என்றால் முதல் வருஷம் 61 டாலர், அடுத்த வருஷம் அதில் ரெட்டிப்பு, மூன்றாம் வருஷம் அதிலும் ரெட்டிப்பு.

பெரியப்பா: மீட்டர் வட்டி.

மில் சித்தப்பா: நம்மது வீட்டுப் பெட்டிதான்.

கவின்: மில்லில் இருக்கிறதே.

மில் சித்தப்பா: பில் உன் சித்தி பேரில். சித்தி வீட்டில்தானே இருக்கிறாள்.

சுதா: பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கொடுத்த கவர்மெண்ட் லேப்டாப்பில் விண்டோஸ் ஒன்று, அதற்குப் பதிலாக ஓட்டுகிற பாஸ் லினக்ஸ் ஒன்று, ரெண்டும் இருந்ததே. தம்பிக்குத்தான் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை.

பிரபு: என்னுடையதில் இருந்தது அக்கா. லினக்ஸ் பக்கம் ஒரு நாள்கூடப் போனதில்லை. இப்போது அது கோழிக்கூண்டு மேல் இருக்கிறது.

கவின்: லினக்ஸ் போடலாம், இலவசம்தான். கணக்கு எழுதுகிற டேலி சாஃப்ட்வேர் அதில் நேராக ஓடாது, அதுதான் தொல்லை.

மில் சித்தப்பா: டேலி இல்லாமல் ஆடிட்டர் என்னை உள்ளேயே விட மாட்டார்.

கவின்: சரிங்க. முன் ரூமுக்கு நான் நீட்டிப்புப் போட்டுத் தருகிறேன். பின் ரூமை எடை மேடைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மாற்ற வேண்டாம். ஆனால் அதில் நெட் வேண்டாம், மெயில் வேண்டாம், யூடியூப் வேண்டாம். குரோம் பிரவுசரே 2023இல் 109ஆம் பதிப்போடு விண்டோஸ் 7ஐக் கைவிட்டுவிட்டது. இன்றைக்கு ராத்திரியே நெட் வயரைப் பிடுங்கிவிடுங்கள். சாவிக் கொத்துப் பென் டிரைவை யாரும் தொட வேண்டாம். புதிதாக ஒன்று வாங்கி மொய்க் கணக்கை மட்டும் எடுத்து வைப்போம். அடுத்த ஞாயிறு வருகிறேன்.

மில் சித்தப்பா: அடுத்த ஞாயிறு நான் கொப்பரை ஏலத்துக்குப் போனாலும் போவேன். பார்க்கலாம்.

சித்தி: யூடியூப் வேண்டாம் என்றால் ராத்திரி வாட்ச்மேன் என்ன செய்வார்?

கவின்: வாட்ச்மேன் அதில் யூடியூப் பார்க்கிறாரா!

சென்னிமலை மாமா: 2,001ஆ 5,001ஆ? கவரில் பேர் எழுத வேண்டும்.

பெரியப்பா: காலையில் மண்டபத்தில் பேசிக்கொள்ளலாம்.

வெள்ளகோவில் அத்தை: கவின், நீ அந்தக் கணக்கை மாற்றும்போது என் பேருக்கு நேராக 1,001 என்று போட்டுவிடு சாமி.

கவின்: அப்படியெல்லாம் மாற்றக் கூடாதுங்க அத்தை.

வெள்ளகோவில் அத்தை: எழுத்தை மாற்றுகிறாய், நம்பரை மாற்ற மாட்டாயா?

பெரியப்பா: அக்கா, விடுங்க.

வெள்ளகோவில் அத்தை: திங்கட்கிழமை வண்டியில் எனக்கு இடம் வேண்டாம். நான் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன்.

இரவு 10:12

மில் சித்தப்பா: கவின், வயரைப் பிடுங்கிவிட்டேன்.

கவின்: சூப்பருங்க சித்தப்பா.

மில் சித்தப்பா: இப்போது கேமரா நான்கும் கறுப்பாக இருக்கிறது.

கவின்: எந்த வயரைப் பிடுங்கினீர்கள்?

மில் சித்தப்பா: நீலம்.

கவின்: அங்கே நீலம் ரெண்டு இருக்குமே.

மில் சித்தப்பா: மூன்று இருக்கிறது.