சமையலறை பிளாஸ்டிக்: எதை முதலில் கழிப்பது, எதை விட்டுவைக்கலாம்?

குடித்தனக்காரி:
வீட்டில் நாலு பேர். இப்போ இருக்கிறது இவ்வளவுதான்: பருப்பு, மிளகாய்த்தூள் டப்பாக்கள் (அடியில் முக்கோணத்துக்குள் 5), பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் நல்லெண்ணெய், பிளாஸ்டிக் டப்பாவில் எலுமிச்சை ஊறுகாய், பிள்ளைங்க டிபன் பாக்ஸ், மெலமைன் கிண்ணம், 20 லிட்டர் தண்ணி கேன், ஹோட்டல் பார்சல் வந்த கறுப்பு டப்பா ஒரு அடுக்கு. எல்லாத்தையும் ஒரே மாசத்தில் எவர்சில்வருக்கு மாத்த பட்ஜெட் இடம் கொடுக்காது. நாத்தனார் எல்லாமே கேன்சர்ங்கிறாங்க. வீட்டுக்காரர் 'ஃபுட் கிரேடு'னு போட்டிருக்கே, சும்மா இருங்கிறார். எதிலிருந்து ஆரம்பிக்கலாம்? டீக்கு பேப்பர் கப் தேவலையா? கழிச்சதை எங்கே போடுறது?

அச்சு_வார்ப்பு:
டப்பாவைப் பார்க்காதீங்க, அதுக்குள்ள என்ன போடுறீங்கன்னு பாருங்க. சூடு, எண்ணெய் அல்லது புளிப்பு, ரொம்ப நாள் தங்கல். இதில் ரெண்டு சேர்ந்தாலே பிளாஸ்டிக்கில் இருக்கும் சேர்மானங்கள் சாப்பாட்டுக்குள் இறங்க வழி கிடைக்குது. அடியில் முக்கோணத்துக்குள் இருக்கிற எண் பிளாஸ்டிக் வகையைச் சொல்லுது, உங்க 5ன்னா பாலிபுரொப்பிலீன். பருப்பு டப்பாவில் மூணுல ரெண்டு இல்லை. அது அப்படியே இருக்கட்டும், உடையிற வரைக்கும்.

முதல் ஆள் ஊறுகாய். எண்ணெய், புளிப்பு, உப்பு மூணும் மாசக்கணக்கில் ஊறுது. கண்ணாடி பாட்டிலோ பீங்கான் ஜாடியோ போதும், செலவும் கம்மி.

ரெண்டாவது மெலமைன். 70 டிகிரிக்கு மேல் போனால், அதைச் செய்யச் சேர்த்த மெலமைன், ஃபார்மால்டிஹைடுங்கிற ரசாயனங்கள் கசியத் தொடங்கும், புளிப்பு சேர்ந்தால் இன்னும் கூடும். அடுப்பிலிருந்து இறக்கின ரசத்தை அதில் ஊத்துறதைவிட மோசமான பயன்பாடு இருக்க முடியாது. முறுக்கு, பழம் வைக்க வச்சுக்குங்க. மைக்ரோவேவில் வைக்கவே கூடாது.

நல்லெண்ணெய் பாட்டில் பெட் வகை (1). கம்பெனிக்காரங்களே எண்ணெயை அதில்தான் விக்கிறாங்க, அதனால் அறை வெப்பத்தில் பெரிய பயம் வேண்டாம். சிக்கல் வேற. வாய் குறுகல்ங்கிறதால உள்ளே தேய்க்க முடியாது. சுவரில் ஒட்டின பழைய எண்ணெய் சிக்கு அடிச்சு, புதுசா ஊத்துறதையும் கெடுக்கும். வெந்நீரில் கழுவலாம்னா பெட் 75 டிகிரிக்குப் பக்கத்திலேயே இளகிச் சுருங்கிடும்.

கேனைத் திருப்பி அடியைப் பாருங்க. 1 இருந்தால் பெட். 7 இருந்து, கெட்டியா, லேசான நீலமா இருந்தால் அநேகமா பாலிகார்பனேட். பிபிஏ (பிஸ்பீனால் ஏ, அந்த பிளாஸ்டிக் செய்யச் சேர்க்கிற ரசாயனம்) விவகாரம் அதில்தான். வெயிலும், காரமான சோப்புத்தூளில் சுடுதண்ணிக் கழுவலும் பிபிஏ கசிவைக் கூட்டும். மொட்டைமாடியிலும் வாசல் வெயிலிலும் இறக்கி வைக்கச் சொல்லாதீங்க. வந்ததும் எவர்சில்வர் குடத்துக்கோ மண்பானைக்கோ மாத்திடுங்க.

கணக்கு_கேட்பவன்:
நாத்தனாருக்கு ஒண்ணு சொல்லணும். பிபிஏவில் ஆராய்ச்சிக்காரங்க பேசுறது முக்கியமா ஹார்மோன், நோய் எதிர்ப்பு மண்டலம் பத்தி. 'எல்லாமே கேன்சர்'ங்கிறது அளவு தாண்டின பேச்சு.

அதுக்காக வீட்டுக்காரர் ஜெயிச்சதா அர்த்தமில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023ல் பிபிஏ தினசரி வரம்பை உடல் எடை கிலோவுக்கு 4 மைக்ரோகிராமிலிருந்து 0.2 நானோகிராமா இறக்கிச்சு, அதாவது 20,000 மடங்கு. அதே வருஷம் ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் அது அளவுக்கு மீறின குறைப்புன்னு சொல்லி 200 நானோகிராம் வச்சது. ரெண்டு பேர் கையிலும் ஆய்வுகள் இருக்கு, சண்டை இன்னும் ஓயலை. ஆனா ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் உணவு படும் பொருள்களில் பிபிஏக்குத் தடை போட்டாச்சு. 'பிபிஏ இல்லை'ன்னு ஒட்டியிருந்தால் உடனே நிம்மதியாகவும் வேண்டாம். சிலதில் அதுக்குப் பதிலா பிபிஎஸ் (பிஸ்பீனால் எஸ்) இருக்கும், அதுவும் அதே குடும்பம்தான்.

கறுப்பு பிளாஸ்டிக் பயமும் இதே கதி. கறுப்பு பிளாஸ்டிக் சாமான்களில் இருக்கிற தீத்தடுப்பு ரசாயனம் பத்தி 2024ல் வந்த ஆய்வில், ஒரு ஆளுக்கு அதோட தினசரி வரம்பைக் கணக்கிடும்போது ஒரு பூஜ்யம் விட்டுப்போச்சு. 4,20,000 நானோகிராம்னு வரவேண்டியது 42,000ன்னு வந்து, ஆபத்து பத்து மடங்கு பெருசாத் தெரிஞ்சது. ஆனா பழைய மின்சாதன உறைகளில் போடும் தீத்தடுப்பு ரசாயனம் கறுப்புக் கரண்டிகளில் இருந்ததுங்கிற கண்டுபிடிப்பு அப்படியே நிக்குது. தோசை திருப்ப மரமோ இரும்போ போதுமே.

டீக்கடை_பெஞ்சு:
பேப்பர் கப் பேருக்குத்தான் பேப்பர். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இல்லேன்னா டீ ஒழுகிடும். காரக்பூர் ஐஐடிக்காரங்க 85-90 டிகிரி சூட்டில் 100 மில்லி திரவத்தை 15 நிமிஷம் வச்சுப் பார்த்ததில், சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள் வந்தது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1லிருந்து தடை போட்ட 14 பொருள்களில் பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப்பும் ஒண்ணு. கடையில் கேட்டா யாருக்கும் தெரியாத மாதிரி இருப்பாங்க! கண்ணாடி கிளாஸில் கேளுங்க. சாம்பாருக்குத் தூக்குச்சட்டி எடுத்துட்டுப் போங்க, கவரில் கட்டவே விடாதீங்க.

பழைய_இரும்பு:
கழிச்சதைப் பத்தி யாரும் பேசலை. தயவுசெஞ்சு கொளுத்தாதீங்க. குப்பையில் ஒரு துண்டு பிவிசி பைப்போ வயர் உறையோ இருந்தாலே ஹைட்ரஜன் குளோரைடு, டையாக்சின்னு விஷப் புகை கிளம்பும்.

எண் அழிஞ்சுபோச்சா? ஒரு துண்டை வெட்டித் தண்ணியில் அமுக்கி விடுங்க. மிதந்தால் பாலித்தீன் அல்லது பாலிபுரொப்பிலீன், பழைய சாமான் கடையில் எடுத்துக்குவாங்க. முங்கினால் பெட், பிவிசி, பாலிஸ்டைரீன் இதில் ஏதோ ஒண்ணு. அதைத் தனியா வைங்க, பிவிசி ஒண்ணு கலந்தாலும் பெட் லாட்டே கெட்டுப்போகும். எண்ணெய் பிசுக்கோடு கொடுத்தா விலை கிடையாது.

பால் கவரை அலசிக் காயப்போட்டால் கிலோ கணக்கில் எடுப்பாங்க. வெட்டும்போது மூலையைத் துண்டாக்காமல் பாதி வரைக்கும் கீறுங்க, அந்தச் சின்ன முக்கோணம்தான் நேரா சாக்கடைக்குப் போகுது. உள்ளே வெள்ளி மாதிரி பளபளக்கிற சிப்ஸ் பாக்கெட்டை எங்க கடையில் யாரும் தொட மாட்டோம். ஒட்டின அடுக்குகளைப் பிரிக்க முடியாது.

புதுசா துணிப்பை வாங்கிக் குவிக்கவும் வேண்டாம். பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011ல் போட்ட கணக்குப்படி, ஒரு பருத்திப் பையை 131 தடவை தூக்கினால்தான் ஒருதடவை வீசும் கவரைவிட புவி வெப்பத்துக்குக் குறைஞ்ச பாதிப்பு. இருக்கிற மஞ்சப்பையையே கிழியிற வரை ஓட்டுங்க.

குடித்தனக்காரி:
எல்லாருக்கும் நன்றி. கறுப்பு டப்பா அடியில் 5ம் மைக்ரோவேவ் படமும் இருக்கு. குழம்பு சூடு பண்ணலாமா?

அச்சு_வார்ப்பு:
வேண்டாங்க. டப்பா உருகி வளையாதுன்னுதான் அந்தப் படம் சொல்லுது, எதுவும் கசியாதுன்னு சொல்லலை. தண்ணி 100 டிகிரியோடு நின்னுடும், மேலே மிதக்கிற எண்ணெய் அதைத் தாண்டிடும். வெளிர் நிற டப்பா ஏதாவது இருந்தால் பாருங்க: குழம்பு விளிம்பு நின்ன கோட்டில் மட்டும் மஞ்சள் ஏறி, விரலால் தடவினால் சொரசொரன்னு குழி குழியா இருக்கும். பிளாஸ்டிக் உருகின இடம் அது. கறுப்பில் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். பீங்கான் கிண்ணத்துக்கு மாத்திச் சூடு பண்ணுங்க. அந்த டப்பாக்களில் கடுகு, வெந்தயம், ரப்பர் பேண்ட் போட்டுக்குங்க.