பதினைந்து யூரோவுக்கு ரோமானியக் காசு: வாங்கலாமா, கூடாதா?

அரைக்காசு:
போன மாதம் என் பிறந்தநாளுக்கு நானே எனக்கு ஒரு பரிசு வாங்கிக்கொண்டேன். ஜெர்மனியில் ஒரு காசுச் சந்தை. பிளாஸ்டிக் டப்பாவில் கூழாங்கல் மாதிரி குவித்து வைத்திருந்தார்கள், கழுவாத ரோமானிய வெண்கலக் காசுகள். ஒன்று மூன்று யூரோ. இருபது பொறுக்கினேன்.

ஐந்து வாரம் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறப்போட்டேன். இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றம். அப்புறம் பூதக்கண்ணாடியும் பல்குச்சியும். பதினொன்று வெறும் வட்டம், எதுவும் மிஞ்சவில்லை. ஆறில் தாடியில்லாத ஒரு தலை, யாரென்று தெரியாது. மூன்று மட்டும் படிக்க முடிகிறது.

நேற்று ராத்திரி அந்த மூன்றில் ஒன்று பேசிவிட்டது. 17 மி.மீ., 2.4 கிராம். ஈட்டியோடு இரண்டு சிப்பாய்கள், நடுவில் இரண்டு கொடிக்கம்பம், சுற்றிலும் 'குளோரியா எக்செர்கிடஸ்', படையின் புகழ். காலடிக் கோட்டுக்குக் கீழே எஸ், எம், டி, எஸ், கடைசியில் ஒரு டெல்டா, கிரேக்கத்தில் நான்காவது எழுத்து. தெசலோனிகா அக்கசாலை (காசு அடிக்கும் இடம்), நான்காவது பட்டறை. கான்ஸ்டன்டைன் ராஜா காலம், கி.பி. 330க்கும் 335க்கும் இடையில். நம் சட்டைப்பையில் இருக்கும் காசில் எந்த ஊரில் அடித்தது என்ற குறி இருக்கும்; எந்தப் பட்டறை என்று இருக்காது.

மாதம் ஐம்பது யூரோ ஒதுக்க முடியும். இனி எதை வாங்கலாம்?

சில்லறை:
வாழ்த்துகள் தம்பி, மாட்டிக்கொண்டீர்கள். முதல் வேலை, அந்த டப்பாவை மறந்துவிடுங்கள். கழுவாத காசு என்றால், விற்பவர் நல்லதையெல்லாம் பொறுக்கியபின் மிஞ்சிய கழிவு. இருபது காசுக்குக் கொடுத்த அறுபது யூரோவில் தெளிவாகப் படிக்கத் தெரிகிற மூன்று காசு வாங்கியிருக்கலாம்.

ரோமில் தொடங்குவதானால் என் ஆசை 'உர்ப்ஸ் ரோமா' என்று எழுதிய காசு. அதே கான்ஸ்டன்டைன் காலம். ஒரு பக்கம் தலைக்கவசம் போட்ட ரோமா தேவி, மறுபக்கம் ஓநாயும் பால் குடிக்கும் இரண்டு குழந்தைகளும், மேலே இரண்டு நட்சத்திரம். இருபது முப்பது யூரோவுக்குள் சுமாரானது கிடைக்கும்.

அப்புறம் இப்படிச் செய்யுங்கள். 238 முதல் 244 வரை ஆண்ட மூன்றாம் கோர்டியனின் ஆன்டோனினியானஸ் என்ற வகைக் காசு ஒன்று, அவருக்குப் பின்னால் வந்த ராஜா காலியேனஸ் ஆட்சியின் கடைசி வருடங்களில் அடித்தது ஒன்று. இரண்டிலும் ராஜா தலையில் கதிர்க்கிரீடம். பெயரளவில் ஒரே காசு. ஆனால் கோர்டியன் காசு கையில் வெள்ளி மாதிரி இருக்கும், காலியேனஸ் காசு மேலே லேசாக வெள்ளி ஓட்டிய செம்பு. நடுவில் ஒரு தலைமுறை கூட இல்லை. பணவீக்கம் பற்றி யாராவது நீட்டி முழக்கினால் இந்த இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டுங்கள்.

கிரேக்கத்தில் ஏதன்ஸின் ஆந்தைக் காசுக்கு இப்போதே கைவைக்க வேண்டாம், அது உங்கள் ஒரு வருடப் பட்ஜெட்டைத் தின்னும். திரேஸ் பக்கத்துக் கெர்சொனேசோஸ் என்ற பழைய கிரேக்கப் பகுதியின் அரைத் திராக்மாக் காசு பாருங்கள். சுண்டுவிரல் நகம் அளவு வெள்ளி, அதில் ஒரு சிங்கத்தின் முன்பாதி, தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறது. இரண்டு மூன்று மாதம் சேர்த்தால் வாங்கலாம்.

கீழடுக்கு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் தொல்லியல் படித்தவள், இரண்டு அகழாய்வுகளில் குழியில் உட்கார்ந்தவள். அரைக்காசு அண்ணா, உங்கள் டெல்டாவைப் படித்தபோது எனக்கும் மகிழ்ச்சிதான். ஒரே ஒரு கேள்வி: அந்த இருபது காசு எந்த மண்ணில் இருந்து வந்தது?

நீங்கள் பல்குச்சியால் தள்ளிய அந்த மண்தான் ஒரே சாட்சி. அது இப்போது கழுவுதொட்டியில்.

அரைக்காசு:
தெரியாது. கேட்கவில்லை. பால்கன் பக்கமாக இருக்கும்.

கீழடுக்கு:
இருக்கும். பல்கேரியா, செர்பியாவில் ராத்திரி மெட்டல் டிடெக்டரோடு கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு தங்கக் காசுக்காகக் கிராமத்துக் கல்லறையைக் கிளறுவார்கள், கிடைக்கும் வெண்கலத்தை வாளியில் போட்டு எடைக்கு விற்பார்கள். மூன்று யூரோ என்ற விலை எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்?

சில்லறை:
இந்தப் பல்லவியைப் பத்து வருடமாகக் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா. மூன்று யூரோ எங்கிருந்து வருகிறது என்றால், ரோமானியர்கள் கோடிக்கணக்கில் அடித்தார்கள், அங்கிருந்து வருகிறது. மலிவு என்றாலே களவு இல்லை. நானூறு வருடமாக ஐரோப்பாவில் இது அலமாரிப் பொருள். பாதிரியார், பள்ளி ஆசிரியர், மருத்துவர் எல்லாரும் வைத்திருந்தார்கள். யாரும் ரசீது வைக்கவில்லை, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. தாள் இல்லாத காசெல்லாம் திருட்டுக் காசு என்றால் என் தாத்தாவின் கைக்கடிகாரமும் திருட்டுதான்.

கீழடுக்கு:
உங்கள் தாத்தா கடிகாரத்தில் மண் ஒட்டியிருந்ததா சார்? அலமாரியில் நானூறு வருடம் இருந்த காசை யாரும் கழுவாமல் வைத்திருக்க மாட்டார்கள். கழுவாத காசு என்ற பெயரே அது நேற்று மண்ணிலிருந்து வந்தது என்று ஒப்புக்கொள்கிறது.

சில்லறை:
அது சரியான அடி. கழுவாத மூட்டைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை, மேலே பாருங்கள், முதலிலேயே வேண்டாம் என்றேன்.

கீழடுக்கு:
காசு நட்டம் என்பதால் வேண்டாம் என்றீர்கள். நான் சொல்வது வேறு.

மலைக்கோட்டை:
திருச்சியிலிருந்து ஒரு குரல். நீங்கள் எல்லாரும் ஐரோப்பாவையே பார்க்கிறீர்கள். ரோமானியச் செம்புக் காசு கரூர் அமராவதி ஆற்றிலும் மதுரையிலும் நிறையக் கிடைத்தது. தேய்ந்து, எழுத்தெல்லாம் போய், பொடிப்பொடியாக. அதை யார் காப்பாற்றினார்கள்? தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. காசு காசாக விலை கொடுத்து வாங்கி, எடை போட்டு, எந்த ஊர் என்று குறித்து, படம் எடுத்துப் புத்தகமாகப் போட்டார். 'பெருவழுதி' என்று தமிழ்-பிராமியில் எழுதிய பாண்டியர் காசை உலகத்துக்குக் காட்டியவரும் அவர்தான். சேகரிப்பாளர் காசு கொடுக்காமல் இருந்திருந்தால் அது பழைய செம்பு விலைக்கு உருக்குவதற்குப் போயிருக்கும். தொல்லியல் படித்தவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

(அகநானூற்று யவனர் வரியை யாரும் இங்கே போட வேண்டாம், எல்லாருக்கும் தெரியும்.)

கீழடுக்கு:
சொல்கிறேன். அவர் செய்த வேலைக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் நீங்களே எழுதியிருப்பதைப் பாருங்கள்: எடை போட்டார், படம் எடுத்தார், எந்த ஊர் என்று எழுதினார், வெளியிட்டார். வாங்கியதோடு நிற்கவில்லை. இங்கே வாங்குகிறவர்களில் எத்தனை பேர் ஊர் கேட்கிறார்கள்? அரைக்காசு அண்ணா கேட்கவில்லை என்று அவரே சொன்னார்.

வன்னி:
சுவிசில் இருந்து எழுதுறன். ஊர் கேட்பது ஏன் முக்கியம் என்பதற்கு எங்கட பக்கத்து உதாரணம் ஒன்று இருக்கு. இலங்கையில் 4, 5ஆம் நூற்றாண்டு ரோமானிய வெண்கலக் காசுகள் ஏராளம் கிடைச்சிருக்கு. அதோட, அவற்றைப் பார்த்து உள்ளூரில் அடித்த போலிகளும். சின்னக் காசு, எழுத்து வெறும் கோடுகளாப் போயிருக்கும், ராஜா தலை ஒரு உருண்டை. அந்தக் காலத்தில் ஏமாற்றுவதற்குச் செய்ததில்லை, கடைத்தெருவில் சில்லறை போதாமல் செய்தது எண்டுதான் பலரும் நினைக்கினம்.

இது இலங்கையில் அடித்ததா, தென்னிந்தியாவிலா எண்டு எப்படிச் சொல்லுவீங்கள்? காசில் ஊர்ப்பெயர் இல்லை. எங்க அதிகமாக் கிடைக்குது என்ற கணக்கு மட்டும்தான் இருக்கு. ஐரோப்பிய ஏலத்தில் 'இலங்கை அல்லது தென்னிந்தியா' எண்டு ஒற்றை வரியோட வரும்போது அந்தக் கணக்கில் ஒரு புள்ளி அழிஞ்சு போச்சுது. தெசலோனிகா காசு தன்ர ஊரைத் தானே சொல்லும். எங்கட காசுக்கு வாய் இல்லை.

சில்லறை:
வன்னி சொன்னது எனக்குப் புதிது. உண்மையிலேயே. ஆனால் பொதுவான ரோமானியக் காசுக்கு இது பொருந்தாது என்பதையும் அவரே சொல்லிவிட்டார். தெசலோனிகா டெல்டா ஆயிரக்கணக்கில் ஆவணத்தில் இருக்கிறது. ஆயிரத்தொன்றாவது எந்த வயலில் கிடைத்தது என்று தெரிந்து வரலாறு மாறப்போகிறதா?

கீழடுக்கு:
மாறியிருக்கிறது.

1900இல் பிரான்சில் ஒரு காசு கிடைத்தது, 'டொமிட்டியானஸ்' என்று ஒரு ராஜா பெயரோடு. அந்தப் பெயரில் 271 வாக்கில் ஒரு ராஜா இருந்ததற்கு வேறு எந்தக் காசும் இல்லை. போலி என்று ஒதுக்கிவிட்டார்கள். நூறு வருடத்துக்கு மேல் அந்த மனிதன் ராஜாவே இல்லை. 2003இல் இங்கிலாந்தில், ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் சால்குரோவ் கிராமத்தில் ஒரு பானை கிடைத்தது. ஏறக்குறைய ஐயாயிரம் காசுகள், ஒன்றோடொன்று களிம்பேறி ஒட்டிக்கொண்டு. அப்படியே பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போனது. பிரித்தால் உள்ளே இன்னொரு டொமிட்டியானஸ்! முதல் காசு அடித்த அதே அச்சு. ஒட்டிக்கிடந்த கட்டிக்குள் யாரும் போலியைச் செருக முடியாது. ஏறக்குறைய 271இல் சில நாளோ சில வாரமோ ஆண்ட ஒருவன் வரலாற்றுக்குத் திரும்பி வந்தான்.

அந்தப் பானையை ஒருவர் வீட்டில் கழுவி, தனித்தனியாக இணையத்தில் விற்றிருந்தால்? 'போலி, ஐந்து யூரோ' என்று போயிருக்கும். அந்தக் காசும் வெறும் செம்பு கலந்த கதிர்க்கிரீடக் காசுதான் சார், நீங்கள் சொல்லும் அதே மலிவு ரகம்.

சில்லறை:
நல்ல கதை, எனக்கும் பிடித்த கதை. ஆனால் அந்தப் பானையைக் கண்டெடுத்தவர் யார்? மெட்டல் டிடெக்டர் வைத்திருந்த ஒரு தனிமனிதர். அவர் ஏன் நேராக அதிகாரிகளிடம் போனார்? இங்கிலாந்தில் 1996 புதையல் சட்டப்படி அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டால் சந்தை விலை கிடைக்கும், கண்டவருக்கும் நிலத்துக்காரருக்கும். 2010இல் அங்கே ஃப்ரோம் என்ற ஊர்ப்பக்கம் ஒரே பானையில் 52,503 காசு, 160 கிலோ. கண்டவர் பானையைப் பார்த்ததும் தோண்டுவதை நிறுத்திவிட்டு ஆய்வாளர்களைக் கூப்பிட்டார். அவர்கள் அடுக்கடுக்காக எடுத்தார்கள். பானையிலேயே பிந்திய காலத்தவை காரௌசியஸ் என்ற ராஜாவின் காசுகள்; அவற்றில் பெரும்பகுதி மேலே இல்லை, உள்ளே ஆழத்தில் இருந்தது. அதாவது வருடா வருடம் சேர்த்த உண்டியல் இல்லை, மொத்தமாகக் கொட்டியது.

கண்டவனைக் குற்றவாளி ஆக்கும் நாட்டில் பானை உடையும். பங்கு கொடுக்கும் நாட்டில் பானை முழுசாக வரும். நீங்கள் திட்ட வேண்டியது என்னை இல்லை, அந்தச் சட்டங்களை.

மலைக்கோட்டை:
நம் நாட்டிலும் 1878ஆம் வருடத்துப் புதையல் சட்டம்தான். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது மண்ணுக்கடியில் கிடைத்தால் கலெக்டரிடம் சொல்ல வேண்டும். அதில் கண்டவருக்குப் பங்கு உண்டு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? போலீஸ் வரும் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒன்று: 1972 சட்டப்படி நூறு வருடம் தாண்டிய காசு தொல்பொருள். தொழிலாக விற்க உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. கரூர் காசை மாமா பையனிடம் கொடுத்து துபாய்க்கு அனுப்பும் வேலையெல்லாம் வேண்டாம்.

கீழடுக்கு:
சில்லறை சார், சட்டம் பற்றி நீங்கள் சொல்வதில் பாதி எனக்கும் சம்மதம். இங்கிலாந்தின் பதிவு முறை நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியானால் அங்கே பதிவான காசை மட்டும் வாங்குங்கள். பதிவு எண்ணோடு விற்கிறார்கள். விலை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

சில்லறை:
தாள் இருந்தால் சுத்தம் என்று நம்புகிறீர்கள். சீசரைக் கொன்றதைக் கொண்டாடி புரூட்டஸ் அடித்த தங்கக் காசு நினைவிருக்கிறதா? இரண்டு குத்துவாள், நடுவில் விடுதலைத் தொப்பி. 2020இல் லண்டன் ஏலத்தில் ஏறக்குறைய 42 லட்சம் டாலர். பழைய சேகரிப்பிலிருந்து வந்தது என்று தாள் இருந்தது. தாள் பொய். 2023இல் அமெரிக்க அதிகாரிகள் காசைக் கிரேக்கத்திடம் திருப்பிக் கொடுத்தார்கள். 42 லட்சம் டாலர் காசுக்கே பொய்த்தாள் என்றால் என் 15 யூரோ காசுக்கு நிஜத்தாள் யார் எழுதுவார்?

கீழடுக்கு:
அதையேதான் நானும் கேட்கிறேன்: 15 யூரோ காசுக்கு யாரும் எழுத மாட்டார்கள். அதனால்தான் மலிவுக் காசில் பிரச்சினை அதிகம். விலையுயர்ந்த காசுக்கு வழக்குப் போட ஆள் இருக்கிறது. வாளிக் காசுக்கு யாரும் இல்லை.

அரைக்காசு:
நான் ஆரம்பித்த இழை எங்கேயோ போய்விட்டது, ஆனால் இரண்டு பேரும் சொன்னதை இரண்டு தடவை படித்தேன். சந்தைக்காரருக்கு மின்னஞ்சல் போட்டேன், டப்பா எங்கிருந்து வந்தது என்று. 'ஒரு பழைய சேகரிப்பு' என்று ஒரே வரியில் பதில்.

கீழடுக்கு:
எல்லா டப்பாவும் அதே பழைய சேகரிப்புதான் அண்ணா. பெரிய வீடாக இருந்திருக்கும்.

அரைக்காசு:
:) சரி, கழுவாத மூட்டை இனி இல்லை. அடுத்தது சில்லறை அண்ணன் சொன்ன ஓநாய், இங்கிலாந்துப் பதிவோடு கிடைத்தால். கிடைக்காவிட்டால் என்ன செய்வேன் என்று இப்போது சத்தியம் பண்ணமாட்டேன், ஆசை ஆசைதான்.

அதற்கு முன் ஒரு அவசரம். அந்த டெல்டா காசில் சிப்பாயின் முழங்கால் பக்கம் வெளிர்பச்சையாக ஒரு புள்ளி. நேற்று இல்லை. தொட்டால் மாவு மாதிரி உதிர்கிறது.

சில்லறை:
போச்சு. வெண்கல நோய். உடனே மற்ற காசிலிருந்து தனியாக வையுங்கள், தொற்றிக்கொள்ளும்.

கீழடுக்கு:
கிருமி இல்லை, பயப்படாதீர்கள். மண்ணில் இருந்த குளோரைடு உப்பு உள்ளே உட்கார்ந்திருக்கிறது, காற்று ஈரம் பட்டதும் உலோகத்தை அரிக்கிறது. நீங்கள் குச்சியால் மேல்களிம்பைப் பெயர்த்த இடத்தில்தான் வந்திருக்கும். அந்த மாவை மட்டும் ஊசி முனையால் எடுங்கள், கெட்டியான அடர்பச்சையைத் தொடாதீர்கள். மறுபடி காய்ச்சி வடித்த தண்ணீர், தினமும் மாற்றம், இந்த முறை மூன்று வாரமாவது. பிறகு நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில். பிளாஸ்டிக் உறையில் பிவிசி இருக்கக் கூடாது.

முதலில் படம் எடுத்துப் போடுங்கள். இரண்டு பக்கமும், பக்கத்தில் அளவுகோல் வைத்து. புள்ளி எவ்வளவு பெரிது என்று பார்த்துச் சொல்கிறேன்.