மூன்று தடவை உடைபட்ட ஷட்டர்: உங்கள் கடையில் நடந்ததையும் சொல்லுங்கள்

நாங்குநேரி பக்கம், பலசரக்குக் கடை:

நாங்குநேரிக்கும் களக்காட்டுக்கும் நடுவில், ரோட்டை ஒட்டி இருக்கிறது எங்கள் பலசரக்குக் கடை. அப்பா வைத்தது. முன்னால் ஒரே ஷட்டர், பின்னால் தகரக் கதவு, மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். பதினான்கு மாதத்தில் மூன்று தடவை உடைத்துவிட்டார்கள். நான் பணத்தைச் செலவழித்த வரிசையே தப்பு என்று இப்போதுதான் தெரிகிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதல் தடவை 2024 பங்குனி உத்திரம். நம் பக்கம் அன்றைக்கு யார் ஊரில் இருப்பார்கள்? அவரவர் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்குக் கிளம்பிவிடுவார்கள். நாங்களும் முதல் நாள் மதியமே கடையைச் சாத்திவிட்டு, பானை, அரிசி, பிள்ளைகள் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொண்டு வேன் ஏறிவிட்டோம். மறுநாள் ராத்திரி வந்து பார்த்தால் இரண்டு பக்கப் பூட்டும் பூட்டியபடியே தொங்குகின்றன. ஷட்டரின் நடுப்பகுதி மட்டும் கடப்பாரை கொடுத்து நெம்பியதில் வில் மாதிரி வளைந்திருந்தது. ஒல்லியான ஆள் மல்லாக்கப் படுத்து நுழைகிற அளவுக்குச் சந்து.

போனவை சிகரெட் பண்டல்கள், ஏலக்காய் டப்பா, முந்திரி, ரீசார்ஜ் போடுகிற போன், கல்லாவில் இருந்த சில்லறை. போகும்போது மோப்ப நாய்க்குப் பயந்து மிளகாய்த்தூள் தூவியிருக்கிறான். அதுவும் என் கடை மிளகாய்த்தூள், பத்துப் பாக்கெட். இந்தத் தொகைக்கெல்லாம் நாய் வராது என்பது அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கூட்டி அள்ளுவதற்குள் எனக்கும் வீட்டுக்காரிக்கும் தும்மித் தும்மி உயிர் போனது. அம்மாவுக்குச் சரக்கு போனது பெரிதாகப் படவில்லை. சாமி கும்பிடப் போன நேரத்தில் இப்படி நடக்கலாமா என்று சாஸ்தாவிடம் கோபித்துக்கொண்டு ஒரு வாரம் விளக்கு ஏற்றவில்லை.

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சியாக சி.எஸ்.ஆர். ரசீது தந்தார்கள். அதோடு விட்டுவிட்டேன்.

அப்புறம் நான் செய்த முதல் காரியம், இருப்பதிலேயே பெரிய திண்டுக்கல் பூட்டு இரண்டு வாங்கியது. புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு. அதன் மேல் எந்தக் குறையும் இல்லை. ஆனால் உடைந்தது பூட்டே இல்லையே! பக்கப் பூட்டு இரண்டும் ஷட்டரின் இரண்டு மூலையைத்தான் பிடித்திருக்கின்றன. நடுவில் இருப்பது வெறும் தகடு. மூலையில் எத்தனை கிலோ பூட்டுத் தொங்கினாலும் நடுவில் நெம்பினால் வளையத்தான் செய்யும். இதை யோசிக்காமல் பெரிய பூட்டைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது வாரம், சித்திரையில், அதே நடுப்பகுதியில் நெம்பினான். வளைந்ததை வெல்டர் தட்டி நேராக்கிய இடம் முன்னைவிட நோஞ்சானாக இருந்திருக்கிறது. இந்தத் தடவை விசாரிக்க வந்த ஏட்டையா ஷட்டரைக் காலால் ஒரு எத்து எத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “உம்ம கடை அவனுக்கு இப்ப பழகின வீடு மாதிரி வே. எது எங்க இருக்குன்னு தெரியும். ஒரு மாசத்துல சரக்கு நிரப்பியிருப்பீருன்னும் தெரியும்லா.” எனக்குச் சுருக்கென்று இருந்தது. முதல் களவுக்குப் பிறகு நான் கடையை அச்சு அசலாகப் பழையபடியே அடுக்கி வைத்திருந்தேன். சிகரெட் அதே தட்டில், ஏலக்காய் அதே மூலையில்.

சரி என்று நடுப்பூட்டு போட்டேன். தரையில் கான்கிரீட்டை வெட்டி இரும்புக் கொக்கி பதித்து, ஷட்டரின் அடிப்பட்டை அதில் மாட்டிக்கொள்கிற மாதிரி. கையோடு நாலு கேமராவும், படத்தைப் பதிவு செய்து வைக்கும் ஒரு டி.வி.ஆர். பெட்டியும். ஒரு வருஷம் நிம்மதியாகப் போனது. 2025 வைகாசியில் ஆள் ஷட்டர் பக்கமே வரவில்லை. பின்னால் ஏறி ஷீட்டைப் பிரித்து இறங்கிவிட்டான். ஏறுவதற்கு முன்னால் வெளிச்சுவரில் இருக்கும் மீட்டர் பெட்டியில் ஃபியூஸ் கட்டையை உருவியிருக்கிறான். நாலு கேமராவும் அணைந்துவிட்டன. போகும்போது கல்லாவுக்கு அடியில் இருந்த டி.வி.ஆரையும் எலக்ட்ரானிக் தராசையும் தூக்கிப் போய்விட்டான். டி.வி.ஆர். சரி, தராசு எதற்கு என்று தெரியவில்லை. இந்தத் தடவை விடாமல் நின்று எஃப்.ஐ.ஆர். போட வைத்தேன்.

அதன் பிறகு செய்தவற்றில் பாதிக்குச் செலவே இல்லை. ராத்திரி கடை அடைக்கும்போது சிகரெட்டும் ஏலக்காயும் போனும் ஒரு கட்டப்பையில் என்னோடு வீட்டுக்கு வந்துவிடும். கல்லாவைக் காலி செய்து, டிராயரை வெளியே இழுத்து, திறந்தபடியே போட்டுவிடுவேன். ஷட்டரின் மேல் பாதியில் தகட்டை எடுத்துவிட்டுக் கம்பி வலையாக மாற்றி, உள்ளே ஒரு எல்.இ.டி. பல்பை விடிய விடிய எரியவிடுகிறேன். ரோட்டில் போகிறவனுக்குக் கடை உள்ளே முழுசாகத் தெரியும். முன்னெல்லாம் ஷட்டர் போட்டுவிட்டால் உள்ளே அவன் ராஜா, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் துழாவலாம். ஷீட்டுக்கு அடியில் கெட்டிக் கம்பி வலை அடித்தேன், அதற்குத்தான் பெரிய செலவு. ஷட்டருக்கும் பின் கதவுக்கும் காந்த சென்சார் வைத்து பேட்டரியில் ஓடும் சைரன்.

எதிர் டீக்கடை அண்ணாச்சி மூன்றரை மணிக்கே பாய்லர் பற்ற வைப்பார். அவரிடம் என் நம்பர் மட்டுமில்லை, மச்சான் நம்பரும் இருக்கிறது. என் மதிப்பில் கேமரா நாலும் சேர்ந்து அவருக்கு ஈடாகாது.

வள்ளியூர், மொபைல் கடை:

அண்ணாச்சி, கேமராவைக் குறை சொல்லாதீங்க, வைத்த விதம்தான் தப்பு. எனக்கும் அதே பாடம். எல்லாக் கேமராவையும் பத்தடி உயரத்தில் மாட்டியிருந்தோம். பதிவில் அருமையாகத் தெரிந்தது, திருடன் தலையில் கட்டியிருந்த துண்டு மட்டும். முகம் ஒரு ஃபிரேமில்கூட இல்லை. இப்போது ஒரு கேமரா கடைக்குள்ளே, ஆள் முக உயரத்தில், வாசலைப் பார்த்தபடி செல்ஃபில் கவர்களுக்கு நடுவே இருக்கிறது. அது சிம் போட்ட கேமரா, மெமரி கார்டும் உண்டு, படம் உடனே போனுக்கு வந்துவிடும். டி.வி.ஆரைத் தூக்கினாலும் கவலையில்லை. கேமரா லைன் இன்வெர்ட்டரில் இருக்க வேண்டும், மீட்டர் பெட்டிக்குப் பூட்டு வேண்டும்.

இன்னொன்று, ராத்திரியில் தெரியும் கேமராவுக்கு முன்னால் சிலந்தி வலை கட்டினால் படம் முழுக்க வெள்ளையாகிவிடும். வாரம் ஒருமுறை துடைக்கணும். முதல் மாசம் கேமரா முன்னால் எது அசைந்தாலும் போனில் அலாரம் அடித்து அடித்துத் தூக்கமே போச்சு. எல்லாம் பெருச்சாளி.

பாளையங்கோட்டை, மருந்துக்கடை:

இன்சூரன்ஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே. கடைக்காரர்களுக்கென்றே பாலிசி இருக்கிறது. தீ, வெள்ளம், களவு எல்லாம் சேர்ந்து வரும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் பட்ட பிறகுதான் நான் எடுத்தேன். அதில் களவு என்றால் உடைத்து நுழைந்த தடயம் இருக்க வேண்டும். கடை திறந்திருக்கும்போது எவனாவது லவட்டிக்கொண்டு போனால் கிடைக்காது. அதனால் ஷட்டரைச் சரி செய்வதற்கு முன்னால் எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். கல்லாப் பணத்துக்குத் தனி வரம்பு உண்டு, அதையும் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

என் கடையில் களவு போனபோது, இழப்பை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து முதலில் கேட்டது கொள்முதல் பில். எங்களுக்கு பேட்ச் நம்பர் சகிதம் எல்லாம் கணக்கில் இருப்பதால் தப்பித்தேன். “ஒரு ஐம்பதாயிரம் சரக்கு இருக்கும்” என்று வாயால் சொன்னால் அவர் எழுத மாட்டார். எஃப்.ஐ.ஆர். வேண்டும், திருடன் கிடைக்காவிட்டால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீஸ் தரும் சான்றும் வேண்டும். வெறும் சி.எஸ்.ஆர். ரசீதோடு வீட்டுக்குப் போகாதீர்கள். 2024 ஜூலை 1-ந்தேதிக்குப் பிறகு நடந்தது என்றால் ராத்திரி உடைத்துத் திருடியதற்கு, பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 331(4), 305 பிரிவுகள் வரும். எஃப்.ஐ.ஆர். நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

அம்பாசமுத்திரம், உரக்கடை:

எனக்கு வயது அறுபத்தெட்டு. போன மாதம் பக்கத்துக் கடைத் தம்பி, “ஷட்டர்ல ராத்திரி கரண்ட் குடுத்துட்டா என்ன பெரியப்பா?” என்று கேட்டான். அடிக்காத குறையாகத் திட்டி அனுப்பினேன். காட்டுப்பன்றிக்குக் கரண்ட் வேலி போட்டு, ராத்திரி வயலுக்குப் போன மனிதர்கள் மாட்டிச் செத்த சேதி மலையடிவாரத்து ஊர்களுக்குப் புதிதில்லை. ஷட்டரில் முதலில் கை வைப்பது திருடன்தான் என்று யார் சொன்னது? விடிகாலையில் பால் பாக்கெட் போடுகிற பையன் வைப்பான். கடைக்காரன் ஜெயிலுக்குப் போவான். அதே மாதிரி, பிடிபட்டவனைக் கம்பத்தில் கட்டி வைத்து அடிக்கிற வேலையும் வேண்டாம். பிடித்தால் 100-க்கோ 112-க்கோ போன் போட்டு ஒப்படைத்துவிட வேண்டியதுதான்.

ஒரு பழைய கதை. பாளையக்காரர் காலத்தில் நம் திருநெல்வேலிச் சீமையில் காவல் முறை என்று ஒன்று இருந்தது. ஊருக்கு ஸ்தலகாவல், பல ஊருக்கும் சேர்த்து தேசகாவல். காவல்காரருக்கு ஊரார் விளைச்சலில் பங்கு கொடுப்பார்கள். களவு போனால் அவர் கண்டுபிடித்துத் தர வேண்டும், முடியாவிட்டால் தன் கையிலிருந்து ஈடு கட்ட வேண்டும். போலீசும் இன்சூரன்சும் ஒரே ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் வம்பு உண்டு, பங்கு கொடுக்காத ஊரில் களவு கூடும் என்பார்கள். நான் அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. எங்கள் தெருவில் பதினோரு கடை சேர்ந்து ஒரு வாட்ச்மேன் போட்டிருக்கிறோம். அவருக்கு ஒரு கடை சம்பளம் கொடுக்க முடியாது, பதினோரு கடை கொடுத்தால் தெரியவே தெரியாது. ரோந்து போலீஸ் கையெழுத்துப் போடுகிற பட்டா புத்தகத்தையும் எங்கள் தெரு முனையில் வைக்கச் சொல்லி மனுக் கொடுத்தோம், வைத்தார்கள்.

முக்கூடல் பக்கம், பெட்டிக்கடை:

எனக்கு ஷட்டரும் கிடையாது, கேமராவும் கிடையாது. பலகைக் கடை. இரண்டு தடவை பலகையைக் கழற்றினார்கள். இரண்டு தடவையும் போனது சிகரெட், முறுக்கு, ஒரு பாட்டில் கலர். பீடியைத் தொடவில்லை. பீடி வீட்டிலேயே கிடைக்கிற பிள்ளைதான் இதைச் செய்திருக்கும் என்று அப்போதே நினைத்தேன்.

மூன்றாம் நாள் நாலாவது வீட்டுப் பையன் கடைக்கு வந்தான். தினமும் வருகிறவன். “அத்த, ஒரு சோப்பு” என்று கேட்டவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, பலகையைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் அவன் அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். மடியில் தட்டை வைத்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அழ ஆரம்பித்துவிட்டாள், அவளுக்கும் தெரிந்திருக்கிறது. வாரம் இருநூறாகக் கொடுத்து அடைத்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, எனக்கும் மொத்தக்கடையில் பாக்கி இருந்தது. போலீசுக்குப் போகவில்லை. போயிருக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். பையன் இப்போதும் கடைக்கு வருகிறான். பலகைக்குப் பூட்டு மாற்றியிருக்கிறேன்.

நாங்குநேரி பக்கம், பலசரக்குக் கடை:

அக்கா சொன்னதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டேன். வள்ளியூர் தம்பி சொன்னதுபோல் ஒரு கேமராவைக் கீழே இறக்கி, சீயக்காய்த்தூள் பாக்கெட்டுகளுக்கு நடுவில் வைத்தாயிற்று. மீட்டர் பெட்டிப் பூட்டுக்கு ஆள் சொல்லியிருக்கிறேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. எங்கள் கடையை உடைத்த ஆள் வேறொரு மாவட்டத்தில் வேறொரு வழக்கில் பிடிபட்டான். என் பொருளில் மீட்டது தராசு மட்டும். கோர்ட்டில் மனுப் போட்டு, விற்க மாட்டேன், மாற்ற மாட்டேன், கூப்பிடும்போது கொண்டுவருவேன் என்று எழுதிக் கொடுத்து வாங்கி வந்தேன். வக்கீல் செலவுக்குப் புதுத் தராசே வாங்கியிருக்கலாம். வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தால், எடை சரி என்று அரசு போடும் முத்திரை காலாவதி ஆகியிருக்கிறது. எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை போட வேண்டுமே, ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் இருந்ததில் அந்த வருஷம் ஓடிவிட்டது. திங்கட்கிழமை முத்திரை போடக் கொண்டுபோகிறேன்.