பழைய எக்ஸ்ரே அறைக்கு டிஜிட்டல் பனல்: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். திருகோணமலையில் ஒரு வைத்தியசாலையின் எக்ஸ்ரே பிரிவில் வேலை செய்கிறேன். கதிரை உண்டாக்கும் ஜெனரேட்டரும் டியூபும் நல்ல நிலையில்தான் இருக்கின்றன. அதனால் முழு மெஷினையும் மாற்றாமல், கசெட் (படம் பதியும் தட்டு) வைக்கும் ட்ரேயில் 35x43 செ.மீ. வயர்லெஸ் டிடெக்டர், அதாவது படத்தை நேராகக் கணினிக்கு அனுப்பும் டிஜிட்டல் பனல், போட யோசிக்கிறோம். இப்போது ஒவ்வொரு கசெட்டையும் ரீடரில் கொண்டுபோய்ப் போட்டு வாசிக்க வேண்டும். மூதூரில் இருந்து இடுப்பு முறிந்து வரும் வயதானவர்கள் அதுவரை மேசையில் அசையாமல் கிடக்கிறார்கள், பார்க்கவே மனம் கேட்காது. பனல் என்றால் சில செக்கன்களில் படம் வந்துவிடும்.

என் பெரிய கவலை கிரிட், அதாவது சிதறும் கதிரைத் தடுக்கும் மெல்லிய ஈயக் கோடுகள் கொண்ட தட்டு. நெஞ்சுப் படம் எடுக்கும் ஸ்டாண்டில் இருப்பது அசையாத பழைய கிரிட். அதன் கோடுகள் டிடெக்டரின் பிக்சலோடு ஒத்துவராவிட்டால் படத்தில் வரிவரியாக விழும். நீங்கள் கிரிட்டையும் மாற்றினீர்களா? ஏ.ஈ.சி.யை (போதிய கதிர் விழுந்ததும் தானாக நிறுத்தும் அமைப்பு) புது பனலுக்கு ஏற்றபடி யார் மறுபடி சரிசெய்து தந்தார்கள்? அப்புறம், இந்தக் கடற்காற்று ஈரத்தில் பனலின் பேட்டரி எப்படி உழைக்கிறது? மட்டக்களப்பு, யாழ்ப்பாணப் பக்கம் செய்த அண்ணாமார், அக்காமார் தயவுசெய்து சொல்லுங்கள். டெண்டருக்கான விபரக்குறிப்பை எழுதத் தொடங்கிவிட்டோம்.