சுருட்டின் மேலிலை நிறம் அதன் காரத்தைக் காட்டுமா?

அனைவருக்கும் வணக்கம். சுருட்டின் மேலிலை, அதாவது வெளிப்புறம் சுற்றப்படும் இலை, கறுத்திருந்தால் காரமானது, வெளுத்திருந்தால் மென்மையானது என்று பலரும் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நான் அறிந்தவரை, மதுரோ எனப்படும் கருநிற மேலிலை வகையின் கருமை பெரும்பாலும் இலையை அதிக வெப்பத்தில் நீண்ட காலம் நொதிக்க வைப்பதால் வருகிறது. அதனால் இனிப்பும் காப்பி, கோகோ போன்ற சாயலும் கூடுகின்றனவே தவிர, நிக்கோட்டினும் கூடியாக வேண்டும் என்பதில்லை. தலையைக் கிறுகிறுக்க வைக்கும் வேகம் உள்ளே வைக்கும் இலைகளில்தான், குறிப்பாகச் செடியின் உச்சியில் வெயிலை நேராக வாங்கி வளரும் லிகேரோ இலையில்தான், மிகுதி. அப்படியானால் நிழலில் வளர்த்த கனெக்டிகட் என்ற வெளிர் நிற வகை மேலிலைக்குள் லிகேரோவைத் தாராளமாக வைத்துச் சுருட்டினால், நிறம் நம்மை ஏமாற்றிவிடாதா? நிறத்தைப் பார்த்தே பரிந்துரைப்பது விற்பவருக்கு எளிது என்பது வேறு விஷயம்.

புகை வாயில் தரும் கனமும் நிக்கோட்டின் வேகமும் வெவ்வேறு என்பதால், மேலிலை இவற்றில் எதை அதிகம் மாற்றுகிறது என்பதே என் முதன்மையான ஐயம். பெட்டியில் உள்ளிலை விவரம் இல்லாதபோது, பற்ற வைக்கும் முன்பே வேகத்தைக் கணிக்க நம்பகமான அடையாளம் ஏதேனும் இருந்தால் அதையும் தெரிவியுங்கள்.