அதே செருப்பு அங்கே அத்தியாவசியம், என் கடையில் இல்லையா?

தராசுமுள்:
எனக்குச் செருப்புக்கடை. பத்தடிக்குப் பன்னிரண்டடி. 2020-இல் கொரோனாவுக்காக ஊரடங்கு போட்டபோது ‘அத்தியாவசியம் இல்லை’ என்ற பட்டியலில் விழுந்தேன், ஷட்டரை இறக்கினேன். அதுவரை எனக்குப் புகார் இல்லை. மார்ச் 11-ஆம் தேதிதான் உலக சுகாதார நிறுவனமே இதைப் பெருந்தொற்று என்று சொல்லியிருந்தது. யாருக்கும் எதுவும் பிடிபடாத நேரம்.

மூன்று நான்கு வாரம் கழித்து, சரக்கில் பூஞ்சை ஏறிவிட்டதா என்று பார்க்கப் போய் ஷட்டரை அரையளவு தூக்கினேன். எங்கிருந்து பார்த்தாரோ, ஒரு அம்மா வந்து நிற்கிறார். கையில் செய்தித்தாள் துண்டு. அதன்மேல் பையனை நிற்க வைத்து, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக் கொண்டுவந்திருந்தார். “அவனைக் கூட்டிவர முடியாது, இதை வைத்து ஒரு ஜோடி கொடுங்க” என்றார். அபராதத்துக்குப் பயந்து, முடியாது என்று அனுப்பிவிட்டேன். அன்றைக்கே மளிகை வாங்கப் பெரிய கடைக்குப் போனால், சோப்பு அலமாரிக்கு எதிரே குழந்தைச் செருப்பு கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. மளிகை விற்கிறவர் என்பதால் அவர் செருப்பும் விற்கலாம். செருப்பு மட்டுமே விற்கிறவன் விற்கக்கூடாது.

இது நோய்த்தடுப்பா, என் வாடிக்கையாளரை அவர்களுக்குத் தாரை வார்த்ததா? நாளைக்கு இன்னொரு தொற்று வந்தாலும் இதே பட்டியலைத்தான் தூசி தட்டி எடுப்பார்கள். அதனால்தான் கேட்கிறேன்.

வார்டுபக்கம்:
நான் அந்த இரண்டு வருடமும் வார்டில் நர்ஸ். உங்கள் ஆற்றாமை புரிகிறது அண்ணே, ஆனால் எங்கள் கணக்கு வேறு. தெருவில் ஆள் குறைய வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. மளிகைக்கு எப்படியும் ஒருவர் வெளியே வந்தாக வேண்டும். அதே நடையில் செருப்பும் வாங்கினால் ஒரு நடை. செருப்புக்கு ஒரு கடை, பல்புக்கு ஒரு கடை, நோட்டுக்கு ஒரு கடை என்றால் நாலு நடை, நாலு வரிசை.

அப்புறம் உங்கள் கடையின் அளவை நீங்களே சொல்லிவிட்டீர்கள். செருப்பை மாட்டிப் பார்க்கக் குனிகிறவருக்கும், எதிரே உட்கார்ந்து எடுத்துக் கொடுக்கிற உங்களுக்கும் நடுவில் எத்தனை அடி இருக்கும்? ஒரே ஜோடியை ஒரு நாளில் எத்தனை பேர் மாட்டிக் கழற்றுவார்கள்?

தராசுமுள்:
வாசலில் கயிறு கட்டி ஒருவரை மட்டும் உள்ளே விட்டிருப்பேன். அப்படியாவது திறக்கிறாயா என்று யாராவது கேட்டார்களா? நியூசிலாந்தில் தெருமுனைக் கடைகளை, ஒருவர் வெளியே வந்தால்தான் அடுத்தவர் உள்ளே என்ற விதியோடு திறக்கவிட்டார்கள்.

தொட்டால் பரவும் என்பதையும் எத்தனை நாள் சொல்வீர்கள்? அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் என்ன சொன்னது? கிருமி பட்ட பொருளை ஒரு முறை தொட்டால் தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்றது. நாமெல்லாம் காய்கறியைச் சோப்பு போட்டுக் கழுவியது வீண்.

வார்டுபக்கம்:
2021 ஏப்ரல் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 2020 ஏப்ரலில் முடிவெடுத்தவர் கையில் அந்தத் தாள் இல்லை. தெரியாத நேரத்தில் அகலமாக மூடுவதுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். அதோடு, தொடுவதில் பயமில்லை என்றால் மிச்சம் இருப்பது காற்று. காற்றோட்டத்தில் பின்சுவரில் ஜன்னல் இல்லாத சின்னக் கடை தேறாது. அதை மட்டும் சௌகரியமாக விட்டுவிட்டீர்கள்.

கணக்கன்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு.

அண்ணே, நியூசிலாந்தைப் பாதியில் விட்டுவிட்டீர்கள். அதே ஊரடங்கில், அவர்களின் மிகக் கடுமையான நாலாம் நிலையில், தனி இறைச்சிக்கடை, காய்கறிக்கடை, பேக்கரி எல்லாம் மூடல். சூப்பர்மார்க்கெட்டுக்குள் இருக்கிற இறைச்சிப் பகுதி மட்டும் நடந்தது. சாப்பாட்டுப் பொருள் விற்கிறவருக்கே அந்த கதி. உங்கள் வாதத்துக்கு இது இன்னும் வலு.

ஆனால் அங்கே இன்னொன்றும் செய்தார்கள். வருமானம் 30 சதவீதம் விழுந்தால், முழுநேர ஆள் ஒருவருக்கு வாரம் 585.80 நியூசிலாந்து டாலர் வீதம் 12 வாரத்துக்கான தொகையை முதலாளியிடம் மொத்தமாகக் கொடுத்தார்கள். ஆள் வைக்காமல் தானே கடை நடத்துகிறவருக்கும் உண்டு. மூடச் சொன்ன கையே காசும் கொடுத்தது. என் கட்சி இதுதான்: யார் திறந்தார்கள், யார் மூடினார்கள் என்பதில் சண்டை போட்டுப் பயனில்லை. மூடியதன் நஷ்டம் யார் தலையில் விழுந்தது என்று பாருங்கள்.

மூடிய கடையின் பேரேட்டைப் பார்த்திருக்கிறீர்களா? வரவுப் பக்கம் வெள்ளையாக இருக்கும். செலவுப் பக்கத்தில் வாடகை, கடன் தவணை, மீட்டர் ஓடாவிட்டாலும் வருகிற மின்கட்டணம், ஆளுக்குப் பாதிச் சம்பளம். கடனாகச் சரக்கு கொடுத்த மொத்த வியாபாரி போனில் கூப்பிட்டு “உடம்பெல்லாம் நல்லா இருக்கா?” என்று ஆரம்பிப்பார். எதற்குக் கூப்பிட்டார் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மவுஸ்கிளிக்:
எல்லோரும் ஏன் இவ்வளவு சுற்றுகிறீர்கள்? ஆன்லைன் இருந்தது, ஜனங்கள் வாங்கினார்கள், நடையே கிடையாது. நர்ஸ் அக்காவின் கணக்குப்படி அதுதானே உத்தமம்? வாங்குகிறவர் வசதியைப் பார்க்காமல் விற்கிறவர் கண்ணீரையே பார்த்தால் எப்படி? அமேசான் 2020-இல் 38 சதவீதம் வளர்ந்து 386 பில்லியன் டாலருக்கு விற்றது என்றால், ஜனங்களுக்கு அது தேவைப்பட்டது என்றுதானே அர்த்தம்.

தராசுமுள்:
தம்பி, மற்ற வாசலையெல்லாம் சாத்திவிட்டு ஒரு வாசலை மட்டும் திறந்து வைத்தால் கூட்டம் அங்கேதான் போகும். அதற்குப் பெயர் விருப்பமா? இந்தியாவில் என்ன ஆயிற்று? 2020 ஏப்ரல் 15-இல் வந்த விதியில் ஆன்லைன் கம்பெனிகள் 20-ஆம் தேதி முதல் எல்லாப் பொருளும் விற்கலாம் என்று இருந்தது. வியாபாரிகள் சங்கங்கள் கூச்சல் போட்ட பிறகு 19-ஆம் தேதி, அத்தியாவசியம் மட்டும்தான் என்று திருத்தினார்கள். கூச்சல் போடாமல் இருந்திருந்தால் 20-ஆம் தேதி என் ஷட்டர் கீழேயும் அவர்கள் வண்டி தெருவிலேயும் இருந்திருக்கும். பிரான்சிலும் 2020 ஏப்ரலில் நீதிமன்றமே அமேசானை அத்தியாவசியப் பொருளோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னது.

கணக்கன்:
அந்தப் பிரான்ஸ் வழக்கை இங்கே இழுக்காதீர்கள். அது கிடங்கில் வேலை செய்கிறவர்களின் பாதுகாப்புக்காகத் தொழிற்சங்கம் போட்ட வழக்கு. சின்னக் கடைக்காக யாரும் போடவில்லை.

உங்களுக்கு உதவுகிற பிரான்ஸ் கதை அதே வருடக் கடைசியில் இருக்கிறது. அக்டோபர் 30-இல் இரண்டாவது ஊரடங்கு, புத்தகக் கடைகள் மூடல். பெரிய கடையில் மட்டும் புத்தகம் விற்கிறதே என்று கடைக்காரர்கள் கொதித்தார்கள். அரசு என்ன செய்தது? சின்னக் கடையைத் திறக்கவில்லை, பெரிய கடையின் புத்தகம், பொம்மை, துணி அலமாரிகளையும் மூடச் சொன்னது. கடைசியில் இரண்டு பக்கமும் விற்காமல் ஆன்லைன் விற்றது. நவம்பர் 28-இல் சின்னக் கடைகள் திறந்தன. 2021 பிப்ரவரியில் புத்தகக் கடையையே அத்தியாவசியப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். மூன்று மாதத்தில் கிருமி மாறிவிடவில்லை. மாறியது பட்டியல்.

பில்லிங்கவுண்டர்:
ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ‘பெரிய கடை’, ‘பெரிய கடை’ என்கிறீர்களே, அதன் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவள் நான். முதலாளிக்கு வந்த லாபத்தில் எனக்கு வந்தது ஒரு பாட்டில் சானிடைசரும் முகத்துக்கு முன்னால் தொங்கிய ஒரு பிளாஸ்டிக் தாளும்.

நர்ஸ் அக்கா சொல்கிற ‘ஒரு நடை’ காகிதத்தில் நன்றாக இருக்கிறது. நான் பார்த்தது வேறு. வீட்டில் அடைந்து கிடந்தவர்களுக்கு அந்த ஒரு கடைதான் பொழுதுபோக்கு. பால் வாங்க வந்தவர் முக்கால் மணி நேரம் பாத்திரப் பகுதியில் நின்று ஒவ்வொரு மூடியாகத் தட்டிப் பார்ப்பார். ஒரு வாரம் நாங்களே மளிகை தவிர மற்ற வரிசைகளுக்குக் குறுக்கே ரிப்பன் கட்டினோம். ஆட்கள் சீக்கிரம் வெளியேறினார்கள், உண்மை. ஆனால் ரிப்பனைத் தாண்டிக் கை நீட்டி ஒரு ஜோடி சாக்ஸ் எடுத்து வந்து “பில் போடும்மா” என்கிறவரிடம் முடியாது என்று சொல்ல வேண்டியவள் நான். திட்டு எனக்கு.

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் 2020 அக்டோபர் 23 முதல் பதினேழு நாள் இதையே சட்டமாகப் போட்டார்கள். ஒரு வாடிக்கையாளருக்கு, நாப்கின் அத்தியாவசியம் இல்லை என்று கடையிலிருந்து பதில் போய், அது தவறு என்று பிறகு விளக்கம் சொல்ல வேண்டிவந்தது. எது அத்தியாவசியம் என்று கவுண்டரில் நிற்பவள் தீர்ப்பு சொல்ல முடியாதுங்க.

வார்டுபக்கம்:
இதை ஒப்புக்கொள்கிறேன். முக்கால் மணி நேரம் மூடி தட்டுகிறவரை நான் கணக்கில் சேர்க்கவில்லை. நடை எத்தனை என்று எண்ணினேன், உள்ளே நின்ற நேரத்தை எண்ணவில்லை. எங்கள் தொழிலில் நேரம்தான் முக்கியம், அதையே மறந்திருக்கிறேன்.

ஆனாலும் எல்லாக் கடையையும் திறந்திருக்கலாம் என்பதற்கு நான் வரமாட்டேன். ஆக்ஸிஜன் படுக்கைக்கு வரிசை நின்ற நாட்களை நான் பார்த்திருக்கிறேன்.

தராசுமுள்:
எல்லாம் திற என்று நானும் சொல்லவில்லை தாயி. வாசலில் மேஜை போட்டு, போனில் ஆர்டர் எடுத்து, கடைக்கு வெளியே கொடுக்க விட்டிருக்கலாம். உள்ளே யாரும் வர வேண்டாம். காகிதத்தில் பாதம் வரைந்து வந்தாலே எனக்குப் போதும். கோட்டுக்கு மேல் விரல் முனையில் கொஞ்சம் இடம் விட்டு எடுத்தால் சரியாக இருக்கும், பென்சிலைச் சாய்த்து வரைந்திருந்தால்தான் ஏமாற்றும்.

மவுஸ்கிளிக்:
அதுதானே ஆன்லைன்! போனில் ஆர்டர், வாசலில் டெலிவரி. இவ்வளவு நேரம் என்னைத் திட்டிவிட்டு என் வழிக்கே வந்துவிட்டீர்கள்.

தராசுமுள்:
வழி ஒன்றுதான் தம்பி. ஆனால் அவர்களுக்கு அனுமதிச்சீட்டு இருந்தது, எனக்கு இல்லை.

கணக்கன்:
காசு விஷயத்தில் இன்னொன்று. பிரிட்டனில் 2020-இல் கடைக் கட்டடங்களுக்கான வரியை ஒரு வருடம் தள்ளுபடி செய்தார்கள். மூடிய கடைகளைக் காப்பாற்ற என்று நினைப்பீர்கள். திறந்திருந்து நன்றாக விற்ற சூப்பர்மார்க்கெட்டுகளுக்கும் அதே தள்ளுபடி. விமர்சனம் கிளம்பிய பிறகு டிசம்பரில் டெஸ்கோ என்ற சூப்பர்மார்க்கெட் நிறுவனம் 58.5 கோடி பவுண்டைத் திருப்பிக் கொடுப்பதாக அறிவித்தது, மற்றவர்களும் அடுத்தடுத்துக் கொடுத்தார்கள். ஊரடங்கால் லாபம் வந்தவரிடமிருந்து நஷ்டப்பட்டவருக்குக் கொஞ்சம் மாற்றிவிட முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. மனசு வைத்துத் தந்ததைச் சட்டம் வைத்து வாங்கியிருக்கலாம்.

பில்லிங்கவுண்டர்:
அப்படி வாங்கினால் கவுண்டரில் இருக்கிறவளையும் ஞாபகம் வையுங்கள்.

ஒரு சந்தேகம் அண்ணே. அந்த அம்மா அப்புறம் வந்தாரா?

தராசுமுள்:
திறந்த பிறகு வந்தார், இந்தத் தடவை பையனோடு. அதே காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்திருந்தார். பையனை நிறுத்திக் காலை அளந்தேன், ஒரு சைஸ் ஏறியிருந்தது. அந்த சைஸ் என்னிடம் இல்லை. பழைய பாக்கி தீராமல் மொத்த வியாபாரி புதுச் சரக்கு அனுப்பவில்லை. பெரிய கடையில் சோப்பு அலமாரிக்கு எதிரே இருக்கும் என்று நானே சொல்லி அனுப்பினேன்.